குழியில் விழுந்தவர்கள் எழுதும் கடிதங்கள்

முதுகுவலிக்காரர், பாகலூர் ரோடு, ஓசூர்
கே: எங்கள் ரோட்டில் தார் எது, குழி எது என்று தெரியவில்லை. நல்ல ரோடு போட்டால் விபத்துச் சாவு குறையும்தானே?

ப: முதுகுவலி கட்டாயம் குறையும். சாவுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில், நாடு முழுவதும் குழிகளால் இறந்தவர்கள் 1,856 பேர். மொத்தச் சாவு 1,68,491. விபத்துகளில் 67 சதவீதம் நேரான ரோட்டில் நடந்தவை. வளைவு, மேடு, பள்ளம் எதுவும் இல்லாமல், பார்த்தாலே ஆக்சிலேட்டரை முறுக்கத் தோன்றும் ரோடுகள் அவை.

உங்கள் ரோட்டில் 25-ல்தான் போக முடியும். இடித்தாலும் பம்பர் போகும், பல் போகும். அதே ஆள் ஓசூர் தர்கா தாண்டி ஆறுவழி நெடுஞ்சாலையில் ஏறியதும் கால் தானாக அழுந்துகிறது. குழியில் விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார். வழவழப்பான ரோட்டில் போனவரிடமிருந்து எனக்குக் கடிதம் வருவதில்லை.

இதற்காகக் குழிகளை அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன் என்று மாநகராட்சிக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். மழைநாள் இரவில் தண்ணீர் நிற்கும் குழி, பைக் ஓட்டுகிறவருக்குக் குழி இல்லை, கிணறு.

பெருமைக்காரர், சிப்காட்-1
கே: லாரி செய்கிறோம், பஸ் செய்கிறோம், பைக் செய்கிறோம், இப்போது மின்சார ஸ்கூட்டரும் செய்கிறோம். வண்டி செய்யும் ஊரில் வண்டி ஓட்டத் தெரியாதா?

ப: அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. பட்டியல் நீளம்தான். பிரேக் தயாரிக்கிறோம். அதை மிதிக்கிற ஆளுக்கு இன்னும் அசெம்பிளி லைன் போடவில்லை.

எஃப்.ஐ.ஆர். படித்தவர், கிருஷ்ணகிரி
கே: எந்த விபத்து எஃப்.ஐ.ஆரை எடுத்தாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்றே இருக்கிறதே? ரோட்டின் மீது தப்பே இருக்காதா?

ப: நல்ல கண் உங்களுக்கு. இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இதுதான், பரிசு கிடையாது.

இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 304-ஏ என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 281, 106 ஆகிவிட்டன. எண் மாறியது, வாசகம் மாறவில்லை. வழக்குப் போட ஒரு குற்றவாளி வேண்டும். ரோட்டைக் கைது செய்து ஜீப்பில் ஏற்ற முடியாது. ஆகவே ஓட்டுநரை ஏற்றுகிறார்கள்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். 2022 சாவுகளில் 71 சதவீதத்துக்கு "அதிவேகம்" காரணம் என்கிறது அரசுப் புள்ளிவிவரம். அந்தப் புள்ளிவிவரத்தின் தாய் எது? எஃப்.ஐ.ஆர். குழிக்குப் பயந்து ஒருவர் சட்டென்று ஒடித்து, பின்னால் வந்த டாரஸ் லாரியின் அடியில் போனால், ஏட்டில் ஏறுவது டாரஸின் வேகம். குழி சாட்சியாகக்கூட வராது.

வேகம் கொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை. கொல்கிறது. ஆனால் அதற்குக் கூட்டாளி ஒருவன் உண்டு. அவன் பெயர் குற்றப்பத்திரிகையில் வருவதில்லை. இதைச் சரிசெய்யத்தான் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் 2021-ல் வந்தது. முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் கர்நாடகாவும் உண்டு. காவலர் செல்போனில் இடத்தைப் பதிய வேண்டும். நெடுஞ்சாலைப் பொறியாளரும் வந்து ரோட்டின் லட்சணத்தை எழுத வேண்டும். எழுதுகிற கை நேர்மையாக எழுதினால், சில வருடங்களில் அந்த 71 கொஞ்சம் இளைக்கும் என்பது என் ஊகம்.

டீக்கடைக்காரர், சூளகிரி
கே: என் கடைக்கு எதிரே தினமும் நூறு பைக்காவது ராங் சைடில் வருகிறது. இவர்களுக்கு உயிர் மேல் ஆசையே இல்லையா?

ப: ஆசை இருக்கிறது. பெட்ரோல் மேலும் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். யூ-டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போய்வர நாலு கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கும் பைக் என்றால் எட்டு ரூபாய் செலவு. அந்த எட்டு ரூபாயை மிச்சம் பிடிக்க 40-ல் எதிரே போகிறார். எதிரே 80-ல் கார். இரண்டும் சந்திக்கும்போது 120. உங்கள் கடையில் அவர் குடித்த டீக்கே அதைவிட அதிகம் கொடுத்திருப்பார்.

இனி மறுபக்கம். ஊர் இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம், பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், ரேஷன் கடை அந்தப் பக்கம். நடுவே ஒரு நாள் ஆறுவழி வந்து ஊரைக் கோடாரியால் பிளந்தாற்போல் பிளந்துவிட்டது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகிறவருக்குப் போட்ட ரோடு அது. சூளகிரியிலிருந்து சூளகிரிக்கே போகிறவரை வரைபடத்தில் யாரும் வரையவில்லை. அவர் என்ன செய்வார்? மீடியனில் அரளிச்செடிக்கு நடுவே ஒரு சந்து செய்வார். இல்லையென்றால் சர்வீஸ் ரோடு முடிகிற இடத்தில் எதிர்த்திசையில் ஏறுவார். ராங் சைடில் வருகிற ஒவ்வொருவரும் கட்டாமல் விட்ட ஒரு சுரங்கப்பாதையின் பிள்ளை என்பது என் கட்சி.

நானும் ஒருமுறை அந்தப் பிள்ளைதான். மழை, இருட்டு, "இதோ, முந்நூறு அடிதான்" என்று கிளம்பினேன். எதிரே வந்த கன்டெய்னர் ஹாரன் அடிக்கவில்லை. லைட்டை மட்டும் ஒருமுறை அணைத்துப் போட்டது. அன்றைக்குப் பிறகு எட்டு ரூபாயை நான் எண்ணுவதில்லை.

புள்ளிவிவரப் பிரியர், பர்கூர்
கே: சாலை விபத்தில் தமிழ்நாடு முதலிடம் என்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தைவிட நாம் மோசமா?

ப: எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நாம் முதலிடம், இரண்டாமிடம், ஆறுதல் பரிசு எல்லாம் வாங்கலாம்.

2022-ல் விபத்துகளின் எண்ணிக்கையில் நாம் முதலிடம்: 64,105. சாவில் உ.பி. முதலிடம்: 22,595. நமக்கு 17,884. இங்கே சிலர் பெருமூச்சு விடுவார்கள். விடாதீர்கள், உ.பி.யில் மக்கள்தொகை நம்மைப்போல் மூன்று மடங்கு. லட்சம் பேருக்கு என்று வகுத்தால் நமக்கு ஏறக்குறைய 23 சாவு. இந்திய சராசரி 12. உலக சராசரி 15.

வேறு விதமாகவும் வகுக்கலாம். நூறு விபத்துக்கு எத்தனை சாவு என்று பார்த்தால் இந்தியாவுக்கு 36, நமக்கு 28. இங்கே சின்ன இடியும் இன்ஷூரன்சுக்காக ஏட்டில் ஏறிவிடுகிறது, ஆம்புலன்ஸ் கொஞ்சம் சீக்கிரம் வருகிறது, ஆஸ்பத்திரி கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. ஆக, இடித்துக்கொள்வதில் நாம் வல்லவர்கள். இடித்தவரைப் பிழைக்கவைப்பதில் சுமாரானவர்கள். 2016-ல் நம் கணக்கு 17,218. நடுவில் குறைந்தது, கைதட்டினோம். 2023-ல் 18,347. கையைக் கீழே போடுங்கள்.

அவசரக்காரர், மூக்கண்டப்பள்ளி
கே: ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 80-ல் போனால் என்ன, 100-ல் போனால் என்ன?

ப: ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 80-ல் போனால் 37 நிமிடம் 30 விநாடி. 100-ல் போனால் 30 நிமிடம். நீங்கள் சம்பாதிப்பது ஏழரை நிமிடம். ஏழரை என்றாலே நம் ஊரில் யார் ஞாபகம் வருவார் என்று தெரியும்.

இதன் விலையையும் கேளுங்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்து 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் கூட்டியது 25 சதவீதம். அந்த ஏழரை நிமிடத்தையும் கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

வாட்ஸ்அப் குழு அட்மின், ராயக்கோட்டை
கே: வண்டி ஓட்டும்போது மெசேஜை ஒரே ஒரு தடவை பார்த்தால் தப்பா?

ப: 80-ல் போகும்போது ஐந்து விநாடி பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு 111 மீட்டர் ஓட்டியதற்குச் சமம். மெசேஜ் என்ன? "இனிய காலை வணக்கம்".

சரித்திர ஆசிரியர், கிருஷ்ணகிரி
கே: மேலுமலையில் மட்டும் ஏன் இத்தனை விபத்து? காற்று கருப்பு ஏதாவதா?

ப: நியூட்டன் இருக்கிறார் அங்கே.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500-ஐ ஒட்டி. ஐம்பது கிலோமீட்டருக்குள் நானூறு மீட்டர் இறங்குகிறோம். அந்த இறக்கத்தில்தான் மேலுமலை. காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியாது. இருபது டன் கிரானைட் கல்லைச் சுமக்கும் லாரிக்குத் தெரியும். அது ஓடுவதில்லை, உருள்கிறது.

2016 ஜூன் 3-ம் தேதியை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். மேலுமலை அருகே ஒரு லாரி மீடியனைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், வந்துகொண்டிருந்த தனியார் பஸ்ஸில் மோதியது. 17 பேர் செத்தார்கள். அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள் தங்கள் பக்கத்தில், தங்கள் சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் செய்த பிழை எதுவும் எந்த ஏட்டிலும் இருக்காது. மீடியன் என்பது செடி வைக்கிற தொட்டியாக இருந்தால் போதுமா, லாரியைத் தடுக்கிற சுவராகவும் இருக்க வேண்டுமா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

இதற்கு அண்ணன் தர்மபுரி தாண்டி இருக்கிறான்: தொப்பூர். 2020 டிசம்பரில் ஒரே லாரி வரிசையாக நின்ற கார்களை நசுக்கியதில் 4 பேர். 2024 ஜனவரியில் பாலத்தின் மேல் நடந்த மோதலில் மறுபடி 4 பேர். அந்த வீடியோவைப் பார்க்காத செல்போன் இல்லை. அங்கே உயர்மட்டச் சாலைக்கு ஒப்புதல் வந்திருக்கிறது.

ஓட்டுநர் பக்கமும் ஒரு பெரிய பாவம் உண்டு. இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும். பாரம் முழுக்க பிரேக் தலையில். டிரம் சூடேறும், பிடிமானம் குறையும், மிதித்தால் பெடல்தான் உள்ளே போகும். இன்னும் சிலர் சாவியையே திருப்பி அணைத்துவிடுகிறார்கள். ஏர் பிரேக்குக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரசர் இன்ஜினில்தான் ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. டீசல் பேட்டா யார் கையில் என்று கேளுங்கள், காரணம் விளங்கும். மிச்சம் பிடித்தால்தான் ஓட்டுநருக்கு மீதி என்று முதலாளி வைத்துவிட்ட ஏற்பாட்டில், இறக்கம் ஒவ்வொன்றும் போனஸ்.

பெயர் வேண்டாம் என்ற லாரி ஓட்டுநர், காவேரிப்பட்டணம்
கே: எல்லாத் தப்பும் எங்கள் தலையிலா? நாங்கள் தூங்குவதே இல்லை, தெரியுமா?

ப: அண்ணா, தூங்காததுதான் தப்பு. அது உங்கள் தப்பு மட்டும் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றது. உங்கள் முதலாளியிடம் இதைப் படித்துக் காட்டினால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் உங்களைக் கேட்கிறேன். தூக்கம் வந்தால் நிறுத்துங்கள். ரோட்டின் ஓரக் கோட்டுக்கு மேல் நிறுத்தாதீர்கள். தாபா வாசலில் பின்பக்க லைட் இல்லாமல், ஸ்டிக்கர் இல்லாமல், நாலு கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் பின்னால் வருகிற கார்க்காரருக்கு அது லாரி இல்லை, இருட்டு. கிளம்பும்போது அந்தக் கல்லையும் எடுத்துவிடுங்கள். அடுத்து வருகிற பைக் அதில்தான் ஏறும்.

கல்லூரி மாணவர், ஓசூர்
கே: இடித்துவிட்டு நிற்காமல் ஓடுகிறார்களே, மனசாட்சி இல்லையா?

ப: 2022-ல் அப்படி ஓடிப்போன வண்டிகளால் செத்தவர்கள் 30,486 பேர். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)-ல், தெரிவிக்காமல் ஓடினால் 10 வருடம் என்று எழுதினார்கள். அதை எதிர்த்து 2024 ஜனவரியில் வடக்கே லாரிகள் நின்றுபோயின. அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்துவிட்டார்கள். ஓட்டுநர்கள் சொன்ன வாதத்தில் பாதி நியாயம்: நின்றால் ஊர்க்காரர்கள் அடித்தே கொல்வார்கள். மீதி பாதிக்குப் பதில் இல்லை: ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் 100-க்கு ஒரு போன் போட யார் அடிக்கப் போகிறார்கள்?

மாமியார், தேன்கனிக்கோட்டை
கே: என் மருமகன் ஹெல்மெட் போடுகிறார். பின்னால் உட்காரும் என் மகளுக்குக் கிடையாதாம். பூ கசங்கிவிடுமாம்.

ப: அம்மா, ஹெல்மெட் போடாமல் 2022-ல் செத்தவர்கள் 50,029 பேர். அதில் பின்னால் உட்கார்ந்தவர்கள் மட்டும் 14,337. ஹெல்மெட் போட்டால் சாவு வாய்ப்பு 42 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து. ஓசூர் ரோஜா எவ்வளவு விலை போனாலும் ஆயிரம் ரூபாய்க்குத் தலையில் வைக்க முடியாது.

மருமகனிடம் சொல்லுங்கள்: மாமியார் எழுதச் சொன்னதாக.

கேன்டீன் ஊழியர், சிப்காட்-2
கே: ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஏன் எல்லோரும் பைத்தியம் பிடித்தமாதிரி ஓட்டுகிறார்கள்?

ப: காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து. ஒரே நிமிடத்தில் ஒரு ஊரே வெளியே வருகிறது, இன்னொரு ஊர் உள்ளே போகிறது. ஒரு நிமிடம் பிந்தினால் பஞ்ச் மெஷின் சம்பளத்தைக் கிள்ளுகிறது. இராத்திரி ஷிஃப்ட் முடித்தவருக்குக் கண்ணில் மிளகாய். அவரோடு பால் வண்டியும், பெங்களூருக்குப் பூ ஏற்றிய பிக்கப்பும், மாம்பழ சீசன் என்றால் கூழ் ஆலைக்குப் போகிற டிராக்டரும் அதே ரோட்டில். மார்கழியில் ஓசூர்ப் பனிமூட்டம் வேறு.

கம்பெனி பஸ்ஸில் போகிறவர் பிழைக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சில இடங்களில் பஸ் கிடையாது. அவர் பைக் எடுக்கிறார். 2022-ல் நாட்டில் விபத்தில் செத்தவர்களில் 44 சதவீதம் இருசக்கர வண்டிக்காரர்கள் என்கிற எண்ணுக்குள் இந்தக் கதையும் இருக்கிறது. பத்து நிமிடம் முன்னே பின்னே ஷிஃப்ட் விட்டால் கம்பெனிகளுக்கு என்ன நட்டம் என்று யாராவது மனிதவளத் துறை அதிகாரி எனக்கு எழுதினால் பிரசுரிக்கத் தயார்.

மதுவிலக்குக்காரர், தொரப்பள்ளி
கே: ராஜாஜி பிறந்த ஊரிலிருந்து கேட்கிறேன். நெடுஞ்சாலையில் சாராயக் கடைகளை மூடச் சொன்ன தீர்ப்பு என்ன ஆயிற்று?

ப: உங்களுக்குக் கேட்க உரிமை அதிகம். 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டம்தான்.

நீங்கள் சொல்லும் தீர்ப்பும் தமிழ்நாட்டுச் சரக்குதான். வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, உச்ச நீதிமன்றம் போய், 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்பானது: நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடின. ஏப்ரல் பிறப்பதற்கு முந்தின நாளே, இருபதாயிரத்துக்குள் மக்கள் உள்ள ஊர் என்றால் 220 மீட்டர் போதும் என்றது நீதிமன்றம். பிறகு நகர எல்லைக்குள் தடை பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது. 500 மீட்டர் அப்படியே ஆவியாகிவிட்டது. சாராயத்துக்கு அந்தக் குணம் உண்டு.

இங்கே இன்னொரு வசதி. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். பொறுக்காதவர் பைக்கை எடுத்துக்கொண்டு கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி போகிறார். போகும்போது நிதானமாகத்தான் போகிறார். குடித்து ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய். திரும்பி வரும்போது அது நினைவில் இருப்பதில்லை.

விவசாயி, பேரண்டப்பள்ளி
கே: எங்கள் ஊரில் யானைகள் ரோட்டைக் கடக்கின்றன. யார் ஒதுங்க வேண்டும்?

ப: சானமாவுக் காட்டுக்கு யானை போகிற வழி அது. நம் நெடுஞ்சாலைக்கு எண் 7 என்று இருந்தபோதும் அதுதான் வழி. எண்ணை 44 என்று மாற்றியபோதும் அதுதான் வழி. யானைக்குச் சுற்றறிக்கை போகவில்லை. கேழ்வரகு அறுப்புச் சமயத்தில் இரவில் அந்த இடத்தில் 40-க்கு மேல் போகிறவருக்கு என் பதில் தேவைப்படாது.

ஒரு விஷயம் பாருங்கள். கூட்டத்தில் மூத்த பெண் யானை முதலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, குட்டிகளை நடுவில் விட்டுத்தான் கடக்கிறது.

தகப்பனார், அலசநத்தம்
கே: பத்தாவது படிக்கிற மகன் ஸ்கூட்டர் கேட்கிறான். டியூஷனுக்கு மட்டும்தான் சார்.

ப: பிள்ளை ஓட்டி மாட்டினால் சிறைக்குப் போவது நீங்கள். மூன்று வருடம் வரை. 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஓராண்டு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். டியூஷனுக்கு மட்டும்தானே?

பூஜைக்காரர், பத்தலப்பள்ளி
கே: ஆயுதபூஜைக்கு வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தால் விபத்து வராது என்பது உண்மையா?

ப: உங்கள் வண்டிக்கு வராது. உங்கள் பூசணிக்காயில் வழுக்கும் அடுத்த வண்டிக்கு வரும்.

எல்லைவாசி, ஜூஜூவாடி
கே: கே.ஏ.-51 வண்டிக்காரர்கள்தான் கண்டபடி ஓட்டுகிறார்கள். டி.என்.-70 காரர்கள் ஒழுங்கு. சரிதானே?

ப: அத்திப்பள்ளிக்காரர் ஒருவரும் எழுதியிருக்கிறார். எண்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ரிட்டயர்டு ஓவர்சியர், ஊத்தங்கரை
கே: 'கரும்புள்ளி' என்று போர்டு வைக்கிறார்களே, அது எப்படி முடிவாகிறது?

ப: 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று வருடத்தில் ஐந்து பெரிய விபத்துகள், அல்லது பத்துச் சாவுகள் நடந்தால் அது கரும்புள்ளி. அதாவது ஒன்பது பேர் செத்திருந்தால், ஐந்தாவது விபத்தும் வராமலிருந்தால், அது வெறும் ரோடு. பத்தாவது ஆள் யார் என்று காத்திருக்கிற திட்டம் இது. ஊர்க்காரர்களைக் கேட்டால் ஒரு சாவுக்கு முன்பே இடத்தைக் காட்டிவிடுவார்கள். உடைந்த கண்ணாடித் தூளை வைத்தே.

அபராதம் கட்டியவர், கிருஷ்ணகிரி
கே: ஹெல்மெட் போடாததற்கு எனக்கு ஆயிரம். ரோட்டைத் தப்பாகப் போட்டவருக்கு?

ப: ஒரு லட்சம் வரை. சிரிக்காதீர்கள், சட்டத்தில் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு: வடிவமைப்பிலோ, கட்டுமானத்திலோ, பராமரிப்பிலோ தரம் தவறி அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ கட்ட வேண்டும். உங்கள் ஆயிரம் ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்கள் அல்லவா? 198-ஏ போட்ட ரசீதை நான் இன்னும் பார்த்ததில்லை. நம் மாவட்டத்தில் யாரிடமாவது இருந்தால் நகல் அனுப்புங்கள். முழுப் பக்கத்தில் போடுகிறேன்.

பயந்தவர், குருபரப்பள்ளி
கே: போன மாதம் கண் முன்னால் ஒருவர் விழுந்து கிடந்தார். தூக்கினால் கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டுமே என்று நின்றுவிட்டேன். தூங்க முடியவில்லை. செய்தது தப்பா?

ப: நிற்காமல் போனவர்கள் இந்தக் கேள்வியை எழுதுவதில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அடுத்த முறை தூக்குவீர்கள்.

உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவின்படி, அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குக் கிடையாது. பெயர் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியாக வருவதும் உங்கள் இஷ்டம். "பணம் யார் கட்டுவது" என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பர் 18-ல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் ஆந்திராவா, கர்நாடகாவா, ராஜஸ்தான் லாரி கிளீனரா என்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டிருந்தால் போதும்.

கழுத்தை ஆட்டாதீர்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கி இழுக்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீடியோ எடுப்பவரிடமிருந்து போனை வாங்கி 108 அழுத்துங்கள். ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் நின்றாலும் அதே எண்தான்.